உரக்கச் சொல்ல வேண்டிய பகடை

பேருந்து நிலையத்தில் அவள் முகத்தைப் பார்த்தவர்கள் குறைவு. குரலைக் கேட்காதவர்கள் இல்லை. முதல் மாடியில் கண்ணாடி போட்ட சிறு அறை. உள்ளே ஒரு மைக், ஒரு மின்விசிறி, இடது கை ஆடும் ஒரு நாற்காலி. எந்தப் பேருந்து எந்த நடைமேடை, எது எத்தனை நிமிஷம் தாமதம், யாருடைய குழந்தை விசாரணை அறையில் உட்கார்ந்து அழுகிறது என்று இருபத்தாறு வருஷமாக அந்த நாற்காலியிலிருந்துதான் ஊருக்குச் சொல்லி வந்தாள். காய்கறிக் கடையில் "அரைக் கிலோ தக்காளி" என்று வாயைத் திறந்தால் போதும், பக்கத்தில் நிற்பவர்கள் அவசரமாகப் பையைத் தூக்கிக்கொள்வார்கள். பழக்கதோஷம்.

அப்பேர்ப்பட்டவள் ஒரு திங்கட்கிழமை காலையில் சறுக்கினாள். "ஏழு நாற்பதுக்குப் புறப்பட வேண்டிய பேருந்து மூன்றாவது நடைமேடையில் வந்து நிற்கிறது. கதவு திறந்திருக்கிறது. நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டாள். கீழே நின்றவர்கள் ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தார்கள். அப்புறம் மொத்தக் கூட்டமும் ஓடிப்போய் ஏறியது. நேரக் காப்பாளர் இன்டர்காமில் கூப்பிட்டு, "அம்மா, இதையே தினமும் கேளுங்க. வண்டி இவ்வளவு சீக்கிரம் ரொம்பி நான் பார்த்ததே இல்ல" என்றார். அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்தக் கேள்வி முந்தின நாள் மேசையிலிருந்து நாக்கில் ஒட்டிக்கொண்டு வந்தது.

மேசை என்றால் மருந்துக்கடையின் பின்னறையில் இருந்த மேசை. ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்குக் கடை ஷட்டர் பாதி இறங்கும். நாலு பேர் குனிந்து உள்ளே போவார்கள். அட்டைப்பெட்டிகள் சுவர் முழுக்க அடுக்கியிருக்கும், இருமல் மருந்து வாசனை அடிக்கும், ஊசி மருந்து வைக்கும் ஃபிரிட்ஜ் முனகிக்கொண்டிருக்கும். அங்கே உட்கார்ந்து பதினைந்து வருஷமாக அவர்கள் விளையாடிய விளையாட்டுக்கு 'ஆறு கோட்டை' என்று பெயர். கட்டம் கிடையாது, காய் கிடையாது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம். எதிரில் ஆறு வருகிறது, பாலம் உடைந்திருக்கிறது, என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்பார். தாண்டப் போகிறேன் என்றால், தாண்டினாயா விழுந்தாயா என்பதை இருபது முகம் கொண்ட பகடை சொல்லும். எண் பெரிதானால் பிழைத்தாய். விதிகளுக்கென்று தலையணை தடிமனில் ஒரு புத்தகம். இதில் ஜெயிப்பது தோற்பது கிடையாது. கதை நடக்கும், அவ்வளவுதான்.

கதை சொல்வது அவள். அதனால் அந்த மேசையில் அவளுக்குக் கதைக்காரி என்று பெயர். கோடரி வீரனாக வருபவர் மருந்துக்கடைக்காரர். கதையில் ராட்சதனின் காலை வெட்டுவார், கடையில் பல்லி விழுந்தால் ஸ்டூலில் ஏறுவார். மந்திரக்காரியாக வருபவள் கதைக்காரியின் நாத்தனார். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, ஊரில் பாதிப்பேர் அவளைக் கண்டால் கையை மடித்துக்கொள்வார்கள். விளக்கு தூக்கி முன்னால் நடப்பவன் லிஃப்ட் மெக்கானிக். நாற்பதைத் தொட்ட ஒண்டிக்கட்டை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் விரலை லிஃப்ட் கதவில் நசுக்கிக்கொண்டு கட்டுத்துணி வாங்க வந்தவன், கதையைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டான். ரத்தம் சொட்டச் சொட்ட, "அந்தப் பாலத்துக்கு அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டானாம். அவனை விட்டுவிட யாருக்கு மனசு வரும்?

கதைக்காரியின் கணவர் பம்ப் பழுது பார்ப்பவர். இந்த விவகாரத்தில் அவருக்குச் சுத்தமாக நம்பிக்கை இல்லை. "அம்பத்தஞ்சு வயசுல பூதத்தோட சண்டை. கேட்டா வெளியில சொல்ல முடியுதா?" என்பார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணிக்கு அவள் செருப்பை வாசலில் திருப்பி வைத்திருப்பவரும் அவர்தான்.

மூன்று வருஷமாக அவள் கண் அவளை ஏமாற்றிக்கொண்டிருந்தது. ஓரங்கள் எல்லாம் தெரியும். எதை நேராகப் பார்க்கிறாளோ அது மட்டும், எழுதின மையை ஈரவிரலால் தேய்த்தது போல அழிந்துபோகும். முழுசாக இருட்டாகாது, ஆனால் படிப்பு இனி திரும்பி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலையில் பிரச்சினை இல்லை. நேரப் பட்டியல் அவளுக்கு மனப்பாடம். மாற்றம் வந்தால் நேரக் காப்பாளர் இன்டர்காமில் சொல்லிவிடுவார். மேசையிலும் பிரச்சினை இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். விதிப் புத்தகம் முழுக்க மண்டைக்குள் இருந்தது. பக்கத்தைத் திருப்புவது போலத் திருப்பி, படிப்பது போலப் படிப்பாள். பூனை கண்ணை மூடிக்கொண்டு பால் குடித்த கதைதான், வேறென்ன!

இதற்கு நடுவில்தான் அந்தத் திருட்டு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு, மெக்கானிக் பகடையை உருட்டிவிட்டு, கதைக்காரி குனிவதற்கு முன்பே, "பதினெட்டு!" என்றான். நாத்தனார் பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மூணு! அண்ணி, இது மூணு!"

மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்துத் தலையில் கைவைத்தார். "ஆமா தங்கச்சி. மூணேதான்."

கையும் களவுமாக மாட்டிக்கொண்டான். தலையைக் குனிந்துகொண்டு கிழிந்த அட்டைப்பெட்டியின் நூலை உருவிக்கொண்டிருந்தான். அன்றைக்குத்தான் நாத்தனார் ஒரு விதி கொண்டுவந்தாள். உருட்டியவர் எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும். பக்கத்தில் இருப்பவர் பார்த்துவிட்டு 'சரி' என்று உரக்கச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் அவரவர் உருட்டுவார்கள், கதைக்காரி குனிந்து பார்த்து எண்ணை வாசிப்பாள். இப்போது குனியவே வேண்டியதில்லை. கெட்டதிலும் ஒரு நல்லது என்று அவள் உள்ளுக்குள் பெருமூச்சு விட்டாள்.

ஆனால் கோபம் கோபம்தான். கதையில் தப்பு செய்தவனுக்குக் கதையிலேயே தண்டனை என்பது அவள் கொள்கை. விளக்குக்காரனின் வலது உள்ளங்கையில் திருடன் என்று சூடு வைத்தாள். அதிலிருந்து எந்தக் கோட்டை வாசலுக்குப் போனாலும் காவலாளி கையை விரித்துக் காட்டச் சொல்வான், சூட்டைப் பார்ப்பான், "நீ வெளியே நில்" என்பான். மற்ற இருவரும் உள்ளே போய் அரசனோடு பேசுவார்கள், சாவியைத் தேடுவார்கள். மெக்கானிக் மேசையில் கன்னத்துக்கு முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருப்பான்.

"அக்கா, வெளியில மழை பெய்யுதா?"

"மழையெல்லாம் இல்ல. நல்ல வெயில்."

"நிழல் ஏதாவது?"

"இல்ல."

"சரிக்கா" என்பான். இப்படியே இரண்டு வருஷம். 'கள்ளப்பகடை' என்று அவனுக்குப் பெயரே நிலைத்துவிட்டது. நாத்தனார் கூப்பிடுவாள், மருந்துக்கடைக்காரர் கூப்பிடுவார், அவனும் என்னவோ பட்டம் வாங்கியவன் போல, "சொல்லுங்க" என்பான். சொரணை கெட்டவன் என்று கதைக்காரி நினைத்துக்கொள்வாள்.

அப்புறம் ஒருநாள் தபாலில் துண்டுப் பிரசுரம் வந்தது. 'ஆறு கோட்டை' புதிய பதிப்பு தயாராகிறதாம். விதிகள் அடியோடு மாறப்போகின்றனவாம். விளையாடுபவர்கள் தங்கள் ஆசைகளை எழுதலாம். ஒரு மேசைக்கு ஒரே உறை, மேலே கதை சொல்பவரின் முகப்புக் கடிதம். மருந்துக்கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அதை இரண்டு தரம் வாசித்தார். மேசையே கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது.

"கோடரிக்கு மதிப்பே இல்ல இந்தப் பழசுல. கத்திக்காரன் ரெண்டு தரம் வீசுறான், நான் ஒரு தரம். இது என்ன நியாயம்?" என்றார் அவர்.

"நீங்க வீசுற அழகுக்கு ஒரு தரமே அதிகம்" என்றாள் நாத்தனார். "எனக்கு மந்திரம் கூடுதலா வேணும். மூணு மந்திரம் போட்டா அன்னிக்கு முழுக்கச் சும்மா உக்காரணுமாம். என் ஆபீஸ்லயே அப்படி விட மாட்டாங்க."

மெக்கானிக் மட்டும், "யோசிச்சு எழுதறேன்" என்றான்.

கதைக்காரி சிரித்தாள். சிரிக்கும்போதே ஒன்று உறைத்தது. பழைய புத்தகம் அவள் மண்டைக்குள் இருந்தது, புதியது இருக்காதே! முந்நூறு பக்கம், பொடி எழுத்து. அதை எப்படிப் படிப்பாள்? புதிய பதிப்பு வந்த அன்றைக்கு அந்த நாற்காலியை மருந்துக்கடைக்காரரிடம் விட்டுவிட்டு எழுந்துவிடுவது என்று முடிவு செய்தாள். வேலையிலிருந்து ஓய்வு பெறுவதை நினைத்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலிக்கவில்லை. பேருந்து அவள் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் போகும். ஆனால் அந்த மேசையில் மூன்று பேர் மூச்சை அடக்கிக்கொண்டு அவள் வாயைப் பார்த்திருப்பார்களே, அதை இழக்க அவளுக்கு மனசு இல்லை. ஆசையை எழுதச் சொன்னார்கள். அவளுக்கு இருந்த ஆசை, புதிய பதிப்பு வரவே கூடாது என்பது. அதை எந்தக் கடிதத்தில் எழுதுவது?

அடுத்த ஞாயிறு மூன்று பேரும் எழுதியதை ஒரே உறையில் போட்டு நாத்தனார் அவளிடம் கொடுத்தாள்.

"அண்ணி, நீங்க இதெல்லாம் படிச்சு மெனக்கெட வேணாம். மேல ஒரு வரி வெச்சு அப்படியே ஒட்டிப் போட்டுடுங்க."

அந்தப் பேச்சுதான் வினையானது. படிக்காதே என்றால் எந்தக் கதைக்காரிதான் படிக்காமல் இருப்பாள்? சனிக்கிழமை காலை, பத்து மணி வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால், அடுப்படிக்குள் வந்த கணவரின் கையில் உறையைத் திணித்தாள். அந்த மூன்று பேரும் எல்லாக் கணக்கும் போட்டவர்கள், இந்த மனிதரைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. விளையாட்டென்றால் காத தூரம் ஓடுகிறவர், அவர் எங்கே படிக்கப் போகிறார் என்று விட்டுவிட்டார்கள்.

"என்னங்க, இதைக் கொஞ்சம் வாசிங்க."

"பூதத்துக்கு லெட்டரா?" என்று சலித்துக்கொண்டே பிரித்தார். முதல் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார், தலைகீழாகப் பிடித்தார். "இதை இன்னொரு மருந்துக்கடைக்காரர்தான் படிக்கணும். கோடரின்னு ஒரு இடத்துல இருக்கு. கடைசி வரி மட்டும் தெளிவா எழுதியிருக்கார். 'எழுத்தைப் பெரிதாகப் போடவும்.' இதுக்குக் கீழ ரெண்டு கோடு."

கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தைக் கதைக்காரி மெதுவாக இறக்கி வைத்தாள்.

"அடுத்தது என் தங்கச்சி. மந்திரம், மந்திரம்... கீழ பாரு. 'எழுத்துப் பெரிதாக இல்லாவிட்டால் யாராவது வாசித்து ஒலியாகவாவது கொடுங்கள். எங்கள் அண்ணியால் படிக்க முடியவில்லை. அவர்கள் சொல்ல மாட்டார்கள், நாங்களும் கேட்க மாட்டோம்.'"

கணவர் நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். அவள், "மூணாவது?" என்றாள். குரல் அவளுடையது போலவே இல்லை.

மூன்றாவது மெக்கானிக்கினுடையது. கோடு போட்ட தாளில், வட்ட வட்டமான எழுத்து. கணவர் பள்ளிக்கூடப் பையன் மாதிரி ஒவ்வொரு சொல்லாக வாசித்தார்.

"'ஐயா, எனக்கு ஒரே ஒரு ஆசைதான். புதிய பதிப்பில், பகடை உருட்டுபவர் எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும் என்று ஒரு விதி போட்டுவிடுங்கள். காரணம் சொல்கிறேன். எங்கள் கதைக்காரி அக்கா பகடையைத் தப்பாக வாசிக்க ஆரம்பித்தார்கள். எட்டை மூன்று என்பார்கள், பதின்மூன்றைப் பதினெட்டு என்பார்கள். உண்மையைச் சொன்னால் எழுந்து போய்விடுவார்கள், எங்களுக்கு அவர்களை விட்டால் கதை இல்லை. உரக்கச் சொல்லும் பழக்கத்தைக் கொண்டுவர ஒரு சாக்கு வேண்டும் என்பதால், எங்களில் ஒருவர் திருட வேண்டும் என்று மூன்று பேரும் பேசி முடிவு செய்தோம். யார் என்று பகடை உருட்டிப் பார்த்தோம். எனக்கு இரண்டு விழுந்தது. இரண்டு வருஷமாக நான் திருடன். எனக்கு அதில் வருத்தமில்லை. கோட்டைகளின் உள்ளே எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் ஆசையாக இருக்கிறது. விதி புத்தகத்திலேயே இருந்துவிட்டால் எந்த மேசையிலும் யாரும் திருடனாக வேண்டியதில்லை. இப்படிக்கு...'"

கணவர் தாளை மடித்தார். விரித்தார். மறுபடி மடித்தார். "நல்ல மனுஷங்கம்மா" என்றார்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். கதைக்காரி முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். நிழல் ஏதாவது இருக்கா என்று கேட்டவனிடம் 'இல்ல' என்று சொன்ன வாய்தானே இது! ஒரு மரத்தையாவது வைத்திருக்கக் கூடாதா? கதைதானே, காசா பணமா?

அன்றைக்கு முகப்புக் கடிதம் எழுதவில்லை. உறையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஞாயிறு மதியம் ஷட்டருக்குக் கீழே குனிந்து போனாள். வழக்கம்போல எல்லாரும் உட்கார்ந்தார்கள். ஆறாவது கோட்டை, பதினைந்து வருஷக் கதையின் கடைசி வாசல். மெக்கானிக் கன்னத்துக்கு முட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தான்.

"வாசல்ல காவலாளி நிக்கிறான்" என்று ஆரம்பித்தாள். "விளக்குக்காரனைப் பார்த்து, 'கையை விரி'ங்கறான். விரிச்சுக் காட்டறான். சூடு இருக்கு. காவலாளி அதை ரொம்ப நேரம் பார்க்கறான். அப்புறம் மண்டி போட்டு உக்காந்துடறான்."

மெக்கானிக் கையை எடுத்துவிட்டு நிமிர்ந்தான்.

"'இது திருடன் சூடு இல்ல'ங்கறான். 'கண்ணு மங்கின ஒருத்திக்காகத் தன் பேரைக் கெடுத்துக்கிட்டவனுக்கு வெச்ச சூடு. வெச்சவ தெரியாம வெச்சுட்டா. அவ மன்னிப்புக் கேட்டு அனுப்பியிருக்கா'ங்கறான். தண்ணி எடுத்துக் கழுவறான். சூடு போயிடுச்சு. கதவு திறக்குது. முதல்ல உள்ள போகப்போறது விளக்குக்காரன்."

ஃபிரிட்ஜ் முனகியது. நாத்தனார் மருந்துக்கடைக்காரரைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"படிச்சுட்டீங்களா அண்ணி?"

"உங்க அண்ணன் படிச்சார்."

"எங்கண்ணனா!" என்று நாத்தனார் வாயில் கைவைத்துக்கொண்டாள்.

கதைக்காரி இரண்டு கையையும் மேசையில் ஊன்றிக்கொண்டாள். இருபத்தாறு வருஷம் ஊருக்கே எல்லாவற்றையும் உரக்கச் சொன்னவள், இந்த ஒன்றை ஒருவரிடமும் சொன்னதில்லை. "எனக்குக் கண்ணு தெரியல" என்றாள். "பகடை தெரியல. புத்தகம் தெரியல. புதுசு வந்தா யாராவது எனக்குப் படிச்சுக் காட்டணும். காட்டினா நான் இங்கயே உக்காந்திருக்கேன். இல்லேன்னா..."

"இல்லேன்னாங்கற பேச்சே கிடையாது" என்றார் மருந்துக்கடைக்காரர். "முதல் நூறு பக்கம் என்னுது. அச்செழுத்துன்னா நல்லாவே படிப்பேன் தங்கச்சி, எழுதறதுலதான் தகராறு."

மெக்கானிக் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"உருட்டு" என்றாள் அவனிடம். "உள்ள கும்மிருட்டு. காத்து அடிக்குது. விளக்கு நிக்குமா அணையுமான்னு பகடை சொல்லணும்."

அவன் உருட்டினான். பகடை அட்டைப்பெட்டியில் மோதி நின்றது. பழக்கதோஷத்தில் நாத்தனார் எட்டிப் பார்க்கப் போனாள்.

"நீ பார்க்காத" என்றாள் கதைக்காரி. "யாரும் பார்க்க வேணாம். அவன் சொன்னா சரி. ஆனா நீ உரக்கச் சொல்லணும்ப்பா, எனக்குத் தெரியாது."

நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மருந்துக்கடைக்காரர் கூரையைப் பார்த்தார். அவன் மட்டும் குனிந்து பார்த்தான், கொஞ்ச நேரம் பார்த்தான். இருபது என்று சொல்லியிருந்தாலும் கேட்பதற்கு ஆளில்லை.

"ஒண்ணு, அக்கா" என்றான்.

நாலு பேரும் சிரித்த சிரிப்பில் ஷட்டருக்கு வெளியே போன ஒருவர் நின்று குனிந்து பார்த்துவிட்டுப் போனார். கதைக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். விதி விதிதான், விளக்கு அணைந்தது.

"இருட்டு" என்றாள். "ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியல. என்ன செய்யப் போறீங்க?"

"அதுக்கென்னக்கா" என்றான் மெக்கானிக். "ஆளுக்கு ஆள் குரல் கொடுத்துக்கிட்டே போவோம். நமக்குத்தான் ரெண்டு வருஷமாப் பழக்கமாச்சே."